பட்டியலில் குறியிட்ட சரக்குகளை ஆங்கிலத்தில் எந்தச் சொல்லால் குறிப்பது?

கேள்வி: ராணிப்பேட்டை, ஏற்றுமதிப் பிரிவு

அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் உள்ள ஒரு டேனரியின் (தோல் பதனிடும் ஆலையின்) ஏற்றுமதிப் பிரிவில் பணியாற்றுகிறேன். வெளிநாட்டுக் கொள்முதலாளர்களுக்கு மாதந்தோறும் அனுப்பும் ஸ்டாக் லிஸ்ட்டை ஆங்கிலத்தில் தயாரிப்பது என் பொறுப்பு. அதில் ஒவ்வொரு வரியும் ஒரு லாட்டை, அதாவது ஒரு தொகுதிச் சரக்கைக் குறிக்கும்; வெள்ளாட்டுத் தோலா செம்மறித் தோலா, வெட் புளூவா (பதனிட்டு ஈரமாக உள்ளது) கிரஸ்ட்டா (உலர்த்தி, மேற்பூச்சு இடாதது) ஃபினிஷ்டா (மேற்பூச்சு முடிந்தது), நிறம் என்ன, தடிமன் என்ன, எத்தனை சதுர அடி என்ற விவரங்கள் வரிசையாக வரும். வரியின் தொடக்கத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும். எங்கள் மேலாளர் அச்சுத் தாளில் சில கட்டங்களில் டிக் அடித்துத் தருவார். நான் கணினிப் பட்டியலில் அதே கட்டங்களில் குறியிட்டு, "குறியிட்டவை இந்த மாதம் கப்பலேறும்" என்ற பொருளில் பட்டியலின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டும்.

அந்த "குறியிட்டவை" என்பதற்கு எந்த ஆங்கிலச் சொல்லைப் போடுவது என்பதே என் கேள்வி. "செலக்டட் ஐட்டம்ஸ்" என்று எழுதியிருந்ததைப் படித்த ஒரு கொள்முதலாளர், அவை எந்த செலக்‌ஷன் என்று கேட்டு மடல் அனுப்பினார். "செக்டு ஐட்டம்ஸ்" என்ற சொல்லைக் கண்ட இன்னொருவர், பரிசோதனை முடிந்த சரக்கு என்று எடுத்துக்கொண்டு அறிக்கையின் நகலைக் கேட்டார். "மார்க்டு" என்று போட்டால் தோலில் தழும்பு இருப்பதாக நினைத்துவிடுவார்கள் என்று எங்கள் மேலாளர் தயங்குகிறார். இப்போது டிக் தவிர வேறு இரண்டு அடையாளங்களும் சேர்ந்துள்ளன: சாம்பிள் அனுப்பிய லாட்டுக்கு உடுக்குறி (*), மறுபடி பார்த்துச் சொல்லும் வரை நிறுத்தி வைத்த லாட்டுக்கு மஞ்சள் நிறம். மூன்றையும் குழப்பமின்றி எப்படி எழுதலாம் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: காட்பாடி, மென்பொருள் பணி

வணக்கம். கணினித் துறையில் இந்தச் சொற்களை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று முதலில் சொல்கிறேன். உங்கள் பட்டியல் கணினியில் உருவாவதால் அந்தப் பிரிவினையின் செல்வாக்கு உங்கள் ஆங்கிலத்திலும் வந்து விழும்.

வலைப்பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியில், டிக் அடிக்கும் கட்டத்திற்கு "செக்டு" என்ற பண்பும், கீழிறங்கும் பட்டியலில் எடுத்த ஒரு வரிக்கு "செலக்டட்" என்ற பண்பும் தனித்தனியாக உள்ளன. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்குத் தகவல் தரும் ஏரியா விதிமுறையிலும் இவை இரண்டும் வெவ்வேறு பண்புகளே. ஒரு வரியின் மேல் சொடுக்கினால் அது நீல நிறமாக மாறுவது செலக்‌ஷன். வேறொரு வரியைச் சொடுக்கியவுடன் அது மறைந்துவிடும். கட்டத்தில் இட்ட குறியோ நாமாக நீக்கும் வரை அப்படியே இருக்கும். உங்கள் மேலாளர் இட்ட டிக் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

ஆனால் பயனருக்கு எழுதும் வழிகாட்டுக் குறிப்புகளில் வழக்கம் வேறு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எழுத்துநடைக் கையேடு, கட்டத்தில் குறியிடுவதற்கு "செலக்ட்" என்றும் குறியை நீக்குவதற்கு "கிளியர்" என்றும் எழுதச் சொல்கிறது; "செக்", "அன்செக்" ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆகவே பொதுவான மென்பொருளில் "செலக்டட் ஐட்டம்ஸ்" என்பது முற்றிலும் சரியான தொடர். உங்கள் கொள்முதலாளர் தோல் வணிகர் என்பதனால்தான் அங்கே அது இடறுகிறது; அதைத் தோல் துறையினர் விளக்குவதே பொருத்தம்.

மின்னஞ்சலிலிருந்து ஒரு சொல்லையும் கருத்தில் கொள்ளலாம். சேவையகத்தில் உள்ள மடல்களைப் படிக்க உதவும் ஐமேப் நெறிமுறையின் 2003-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு மடலுக்குரிய நிலைகளாக, படித்தது, பதில் எழுதியது, நீக்கக் குறித்தது போன்றவற்றோடு "ஃப்ளாக்டு" என்ற நிலையும் உண்டு. உடனடியாகவோ தனியாகவோ கவனிக்க வேண்டியது என்பது அதன் பொருள். நிறுத்தி வைத்த லாட்டுக்கு இச்சொல் ஓரளவு பொருந்தும்; கப்பலேறும் லாட்டுக்குப் போட்டால் அதில் ஏதோ சிக்கல் இருப்பதாகத் தோன்றிவிடும்.

மஞ்சள் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் அது மங்கிப் போகும். நிறம் பிரித்தறிய இயலாதவர்களுக்கும் பயன்படாது. நிறம் ஒன்றையே கொண்டு தகவலைத் தெரிவிக்கக் கூடாது என்பது வலை அணுகல்தன்மை வழிகாட்டுதல்களிலேயே உள்ள விதி. மஞ்சளோடு ஒரு எழுத்தையோ சொல்லையோ அந்தக் கட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

மறுமொழி: வேலூர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

கேள்வி கேட்டவருக்கு என் வாழ்த்துகள். ஒரு சொல்லுக்காக இவ்வளவு கவலைப்படுபவரின் பட்டியலைப் படிக்கும் கொள்முதலாளர் நல்வாய்ப்புடையவர்.

முதலில் டிக், செக் ஆகிய இரண்டையும் பார்ப்போம். நாம் டிக் என்று சொல்லும் குறியை இங்கிலாந்திலும் டிக் என்றே சொல்கிறார்கள். அமெரிக்காவில் அதற்குச் செக் மார்க் என்று பெயர். யூனிகோட் அட்டவணையிலும் அந்த எழுத்துக்குச் செக் மார்க் என்ற பெயரே உள்ளது. நம் நாட்டு விண்ணப்பப் படிவங்களில் பொருத்தமான கட்டத்தில் டிக் செய்க என்று ஆங்கிலத்தில் அச்சிடுவது பிரிட்டிஷ் வழக்கத்தின் தொடர்ச்சி. எனவே "டிக்டு ஐட்டம்ஸ்" என்று எழுதுவதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் "டிக்டு ஆஃப்" என்று ஒட்டுச் சேர்த்து எழுதிவிடாதீர்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் அது எரிச்சலடைந்த நிலையைக் குறிக்கும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பட்டியலில் ஒவ்வொன்றாகக் குறித்து முடித்ததையும் குறிக்கும், ஒருவரைக் கண்டித்ததையும் குறிக்கும்.

"செக்டு" என்ற சொல்லின் தொல்லை அதன் பல பொருள்களால் வருவது. சரிபார்த்தது, தடுத்து நிறுத்தியது, விமானத்தில் ஒப்படைத்த பெட்டி, கட்டம் போட்ட துணி ஆகிய அனைத்திற்கும் அந்த ஒரே சொல்தான். தனித்து நிற்கும்போது எந்தப் பொருளில் வந்தது என்பதைப் படிப்பவர் தம் தொழிலை வைத்தே ஊகிப்பார். சரக்கு வாங்குபவர் தரப் பரிசோதனையை நினைப்பது இயல்பு.

அடுத்து, நான் முக்கியமாகக் கருதுவது சொல் நிற்கும் இடம். தமிழில் பெயரெச்சம் எப்போதும் பெயருக்கு முன்னால்தான் வரும்: குறியிட்ட சரக்கு, டிக் அடித்த சரக்கு, உடுக்குறி இட்ட சரக்கு. அந்தப் பழக்கத்தால் ஆங்கிலத்திலும் "மார்க்டு ஐட்டம்ஸ்" என்று முன்னால் வைத்து நிறுத்திவிடுகிறோம். ஆங்கிலத்தில் அப்படி முன்னால் நிற்கும் எச்சம் பெரும்பாலும் அந்தப் பொருளின் நிலையான தன்மையைச் சொல்வதுபோல் ஒலிக்கும். சரக்கே தழும்பு பட்டது என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறக்கிறது. அதே சொல்லைப் பெயருக்குப் பின்னால் வைத்து, எதனால் குறித்தோம் என்பதையும் சேர்த்து, "ஐட்டம்ஸ் மார்க்டு வித் எ டிக்" என்று எழுதினால், குறி இருப்பது தாளில் என்பது உடனே விளங்கிவிடும். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்கள் உடுக்குறியால் காட்டப்பட்டுள்ளன என்று படிவங்களில் எழுதும் ஆங்கிலத் தொடரும் இதே அமைப்பில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் மேலாளர் தயங்கும் "மார்க்டு" என்ற சொல்லையே நான் பரிந்துரைப்பேன். தனியாக மட்டும் அதை விடக் கூடாது.

மறுமொழி: ஆம்பூர், தோல் தரம் பிரிக்கும் பணி

ஆசிரியர் ஐயா சொன்ன அமைப்பு மிகவும் சரி. ஆனால் அதற்குள் வைத்த ஒரு சொல்லைப் பற்றி நான் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாகத் தோலை மேசையில் விரித்துப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் "செலக்‌ஷன்" என்பது தேர்ந்தெடுப்பது என்ற பொதுச் சொல் அன்று; அது தரத்தின் பெயர். ஒரு லாட்டில் உள்ள தோல்களை ஒவ்வொன்றாக விரித்து, மேற்பரப்பில் உள்ள கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு, அம்மைத் தழும்பு, நரம்போட்டம் ஆகியவற்றைப் பார்த்து முதல் செலக்‌ஷன், இரண்டாம் செலக்‌ஷன், மூன்றாம் செலக்‌ஷன் என்று அடுக்குகிறோம். விலையே அதைப் பொறுத்தது. கொள்முதலாளர் எழுதும் ஆர்டரில் முதல் மூன்று செலக்‌ஷன் 20, 40, 40 விழுக்காடு என்பதுபோல் ஒரு கலவை இருக்கும். தரம் பிரிக்காமல் வந்தபடியே விற்பதற்கு டேபிள் ரன் என்று தனிப் பெயர் உண்டு. இந்த நிலையில் ஒரு பட்டியலின் அடியில் "செலக்டட் ஐட்டம்ஸ்" என்று கண்டால், டேபிள் ரன் இல்லை, தரம் பிரித்தவை என்றுதான் எந்தத் தோல் வணிகரும் படிப்பார். எந்த செலக்‌ஷன் என்று உங்களைக் கேட்டவர் முறையாகத்தான் கேட்டிருக்கிறார். அந்தச் சொல்லை வேறு எந்தப் பொருளிலும் தோல் பட்டியலில் பயன்படுத்த வேண்டாம்.

அதேபோல் டிக் என்ற சொல்லுக்கும் எங்களிடம் வேறு பொருள் உண்டு. ஆங்கிலத்தில் மாட்டையும் ஆட்டையும் கடிக்கும் உண்ணிக்கும் டிக் என்றே பெயர். உண்ணி தோலைத் துளைத்து இரத்தம் குடித்த இடம் தழும்பாகிவிடும். பதனிட்டு முடித்தபின் மேற்பரப்பில் நுண்ணிய குழிகளாகத் தெரியும். இதற்கு ஆங்கிலத்தில் "டிக் மார்க்ஸ்" என்று பெயர், தரப் பரிசோதனைக் குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும் குறைபாடு அது. நிறமியைக் கனமாகப் பூசினால் ஓரளவு மறையும். அனிலின் போன்ற மெல்லிய ஃபினிஷில் அப்படியே தெரியும். ஆகவே "ஐட்டம்ஸ் வித் டிக் மார்க்ஸ்" என்று நீங்கள் ஒரு வரி எழுதினால், உண்ணி கடித்த தோலை விற்கிறோம் என்று நாமே அறிவித்ததுபோல் ஆகிவிடும். ஐயா எழுதிய "மார்க்டு வித் எ டிக்" என்ற தொடரில் டிக்கும் மார்க்கும் வேறு வரிசையில் வருவதால் ஆபத்து குறைவு. ஆயினும் தோல் பட்டியலில் அவ்விரு சொற்களும் அடுத்தடுத்து வராமலிருப்பதே எனக்கு நிம்மதி தரும்.

என் யோசனை இது. குறியின் வடிவத்தைச் சொல்லாமல், அந்தக் குறியின் விளைவைச் சொல்லுங்கள். கட்டம் உள்ள பத்திக்கு மேலே "ஷிப்பிங் திஸ் மன்த்" என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு வரியிலும் "யெஸ்" அல்லது வெற்றிடம் என்று இட்டுவிட்டால், அடியில் விளக்க வரியே தேவைப்படாது. சாம்பிளுக்கு "சாம்பிள் சென்ட்" என்று ஒரு பத்தி, அதில் அனுப்பிய தேதி. வாங்குபவருக்கு வேண்டியது அந்தத் தேதிதானே தவிர நட்சத்திரம் அன்று. டேனரியில் லாட் அட்டையிலேயே இப்படி எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது எளிதில் கைவரும்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

அனைவருக்கும் மிக்க நன்றி. உண்ணித் தழும்பைப் பற்றிப் படித்ததும் மேலாளரிடம் காட்டினேன்; இனி "டிக் மார்க்" என்ற தொடர் எந்தத் தாளிலும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். பத்திக்குத் தலைப்பிடும் யோசனையும் அவருக்குப் பிடித்திருக்கிறது.

இரண்டு ஐயங்கள் மீதம் உள்ளன. சில கொள்முதலாளர்கள் பழைய வடிவத்தையே கேட்கிறார்கள். ஒரே பக்கத்தில் எல்லாம் தெரிய வேண்டும் என்பதால் பத்திகளைக் கூட்ட முடியாது. அவர்களுக்குக் குறிகளையே பயன்படுத்த வேண்டியிருந்தால் எந்தக் குறி நல்லது? மேலும், நிறுத்தி வைத்த லாட்டுக்கு "ஃப்ளாக்டு", "ஹெல்டு", "பெண்டிங்" ஆகிய மூன்றில் எது தகும்?

மறுமொழி: குடியாத்தம், கைத்தறி லுங்கி வணிகம்

எங்கள் பட்டியலில் "செக்டு" என்ற சொல்லை வேறு எதற்கும் பயன்படுத்தவே முடியாது, ஏனெனில் கட்டம் போட்ட லுங்கிக்கு அதுவே பெயர். கோடு போட்டவை, கட்டம் போட்டவை, ஒரே நிறத்தவை என்று டிசைன் பிரித்த பிறகு, குறியிட்டவற்றையும் அதே சொல்லால் குறித்தால் நெசவாளருக்கே விளங்காது. ஆகவே நாங்கள் வரிகளுக்கு முன்னால் ஏ, பி, சி என்ற எழுத்துகளை இட்டு, பட்டியலின் தலைப்பகுதியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முழு வாக்கியத்தில் பொருள் எழுதிவிடுகிறோம். ஃபோனில் பேசும்போதும் "பி போட்ட வரிகள்" என்று சொன்னால் போதும். தோலுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: வேலூர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

உண்ணியின் பெயர் ஆங்கிலத்தில் டிக் என்பதை நான் அறிவேன். அது உங்கள் தொழிலில் இவ்வளவு நெருக்கமாக நிற்கும் என்பது ஆம்பூர் நண்பரால் தெரிந்தது. மகிழ்ச்சி.

குறியைப் பொறுத்தவரை குடியாத்தம் நண்பரின் எழுத்து முறையே பாதுகாப்பானது. டிக் குறி எல்லா நாட்டிலும் ஒப்புதலைக் காட்டுவதில்லை. ஜப்பானில் சரியான விடைக்கு வட்டமிடுவார்கள். தவறான விடையைச் சுட்டவும் டிக்கைப் பயன்படுத்துவது அங்கே வழக்கம். ஃபின்லாந்திலும் ஸ்வீடனிலும் பள்ளித் தாள்களில் அந்தக் குறி தவறு என்ற பொருளில் வரும். உங்கள் கொள்முதலாளர்கள் எந்தெந்த நாட்டினர் என்பது எனக்குத் தெரியாது; ஒருவருக்கேனும் இப்படிப் பொருள் மாறினால் ஒரு கன்டெய்னர் சரக்கில் குழப்பம் வரும் அல்லவா?

உடுக்குறியைத் தொடரலாம். நம் நாடாளுமன்றத்தில் நேரில் விடையளிக்க வேண்டிய வினாக்களுக்கு உடுக்குறி இட்டு, அவற்றை "ஸ்டார்டு கொஸ்டின்ஸ்" என்று ஆங்கிலத்தில் வழங்குவதால், நம் கண்ணுக்கும் காதுக்கும் அந்தச் சொல் பழகியதே. ஆனால் ஃபோனில் சொல்லும்போது தொடங்கியது என்ற பொருளுடைய இன்னொரு சொல்லைப் போல் அது ஒலிக்கும். ஆகவே எழுத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று சொற்களில் "பெண்டிங்" என்பது இன்னும் முடிவாகாத எதற்கும் வரும். யாரால் நின்றிருக்கிறது என்பது அதில் தெரியாது. "ஃப்ளாக்டு" என்பது கவனத்தைக் கோரும், என்ன செய்தோம் என்பதைச் சொல்லாது. நம் அரசு அலுவலகக் கோப்புகளில் துண்டுச் சீட்டு ஒட்டிக் காட்டுவதையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள். "ஹெல்டு" என்பதில் நிறுத்தி வைத்தவர்கள் நாங்களே என்ற பொறுப்பு தெளிவாக இருக்கிறது. "ஹெல்டு ஃபார் ரீ-இன்ஸ்பெக்‌ஷன்" என்று காரணத்தோடு எழுதினால் கொள்முதலாளர் மறுகேள்வி கேட்க வேண்டியிருக்காது.

மறுமொழி: ஆம்பூர், தோல் தரம் பிரிக்கும் பணி

"ஹெல்டு" எனக்கும் சம்மதம். எழுத்துக் குறி பற்றி ஒரு திருத்தம் மட்டும்: ஏ, பி, சி என்ற எழுத்துகளைத் தரத்தின் பெயராக வழங்கும் டேனரிகளும் உண்டு. ஆகவே எஸ், எம், எச் போன்று சொல்லின் முதலெழுத்தையே இடுங்கள். கப்பலேறுவதற்கு எஸ், நிறுத்தி வைத்ததற்கு எச். சாம்பிளும் எஸ்ஸில் தொடங்குவதால் அதற்கு எம்.

மறுமொழி: வேலூர், ஏற்றுமதி ஆவணப் பணி

வங்கிக்குச் செல்லும் ஆவணங்களைத் தயாரிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். நீங்கள் பேசும் குறிகளும் அவற்றின் விளக்கமும் ஸ்டாக் லிஸ்ட்டோடு நின்றுவிட வேண்டும். பட்டியலிலிருந்து வரிகளை நகலெடுத்து இன்வாய்ஸில் ஒட்டும்போது "ஷிப்பிங்", "ஹெல்டு" போன்ற சொற்களும் எழுத்துகளும் உடன் வந்துவிடும். எல்.சி. (வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்) மூலம் பணம் வருவதாக இருந்தால், அத்தகைய கடிதங்களுக்கென 2007 முதல் நடைமுறையில் உள்ள யு.சி.பி. 600 என்ற பன்னாட்டு விதிகளின்படி, இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யில் உள்ள விவரத்தோடு பொருந்த வேண்டும்; மற்ற ஆவணங்களில் பொதுவான விவரம் போதும், ஆனால் முரண்படக் கூடாது. வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, தாளை மட்டுமே பார்க்கிறது. அங்கே "செலக்டட்" என்ற ஒரு சொல் கூடுதலாக நின்றாலும் அதற்கு விளக்கம் கேட்க இடமுண்டு.

ஆகவே குறிகளுக்குரிய பத்தியைப் பட்டியலின் கடைசியில் வைத்து, சரக்கு விவரத்தை மட்டும் நகலெடுக்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள். பேக்கிங் லிஸ்ட்டிலும் லாட் எண், தோல்களின் எண்ணிக்கை, சதுர அடி ஆகியவை இருக்கட்டும், குறியெழுத்து வேண்டாம்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

நன்றி ஐயா. குறிப் பத்தியைக் கடைசிக்கு மாற்றிவிட்டேன். அடுத்த பட்டியலின் தலைப்பில் மூன்று வரிகள் இருக்கும்: எஸ் என்றால் இந்த மாதம் கப்பலேறும் லாட், எம் என்றால் சாம்பிள் அனுப்பிய லாட், எச் என்றால் மறுபரிசோதனைக்காக நிறுத்தி வைத்த லாட். மூன்றும் ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகவே வரும். மஞ்சள் நிறத்தை எங்கள் அலுவலகப் படியில் மட்டும் வைத்துக்கொள்கிறோம்.